மெக்கல்–குரூபர் நோய்க்குறி: ஒரே குறை இரண்டு குழந்தைகளுக்கும் வருவது ஏன்?

உடன்பிறந்தவர்களுக்கு ஒரே விதமான பிறவிக் குறைகள் வருவது பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு மரபணு ஆலோசகர் அளித்த பதில்கள்.

கேள்வி: எங்களுடைய இரண்டு குழந்தைகளும் பின்னந்தலையில் பை போன்ற புடைப்பு, வீங்கிய சிறுநீரகங்கள், ஆறு விரல்கள் ஆகியவற்றோடு பிறந்து இறந்தன. முதல் குழந்தையின் குரோமோசோம் பரிசோதனை இயல்பாக இருந்ததால், இனி வராது என்றார்கள். பிறகு எப்படி வந்தது?

பதில்: இம்மூன்றும் சேர்ந்து வந்தால் முதலில் மெக்கல்–குரூபர் நோய்க்குறியை நினைக்க வேண்டும். 1822-இல் ஜெர்மானிய மருத்துவர் மெக்கல் விவரித்ததும் உடன்பிறந்த இரு சிசுக்களைத்தான். குரோமோசோம் பரிசோதனையில் 46 குரோமோசோம்களின் எண்ணிக்கையும் பெரிய மாற்றங்களும் மட்டுமே தெரியும். ஒரு மரபணுவுக்குள் இருக்கும் பிழை தெரியாது. இதே போன்ற குறைகளைத் தரும் பட்டாவ் நோய்க்குறி (13-ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பது) இல்லை என்பதை அது உறுதிசெய்தது. மீண்டும் வராது என்று சொல்ல அது போதாது.

கேள்வி: நாங்கள் இருவரும் ஆரோக்கியமாக இருக்கிறோம். குறை யார் பக்கம்?

பதில்: இருவர் பக்கமும். ஒவ்வொரு மரபணுவும் நம்மிடம் இரண்டு பிரதிகளாக இருப்பதால், ஒன்று பழுதானாலும் மற்றது ஈடுகொடுத்துவிடும். உங்கள் இருவரிடமும் பழுதான பிரதி ஒவ்வொன்று இருக்கிறது. அந்த இரண்டு பழுதுகளும் ஒரே குழந்தையிடம் சேரும் வாய்ப்பு ஒவ்வொரு கர்ப்பத்திலும் 25 சதவீதம். முன்பு நடந்தவை அதைக் கூட்டுவதுமில்லை, குறைப்பதுமில்லை. செல்களின் மேல் ஆன்டெனா போல நின்று சமிக்ஞைகளை வாங்கும் குறுஇழைகளை இப்பழுது கெடுப்பதால்தான் மூளை, சிறுநீரகம், கல்லீரல், விரல் என்று பல உறுப்புகள் ஒருங்கே பாதிக்கப்படுகின்றன. கர்ப்பிணி உண்டதோ உழைத்ததோ காரணமல்ல.

கேள்வி: நான் தாய்மாமனை மணந்தவள். அதனால்தானா?

பதில்: தாய்மாமனும் மருமகளும் சராசரியாகக் கால் பங்கு மரபணுக்களைப் பகிர்வதால், இருவரிடமும் ஒரே பழுது இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. அத்தை, மாமன் பிள்ளைகளிடையே இந்தப் பகிர்வு எட்டில் ஒரு பங்கு. ஆனாலும் அசலில் மணந்தவர்களுக்கும் இந்நோய் வருகிறது.

கேள்வி: ஃபோலிக் அமிலம் தடுக்குமா?

பதில்: இந்நோயைத் தடுக்காது. பொதுவான முதுகுத்தண்டுக் குறைகளைக் குறைப்பதால், கருத்தரிக்கும் முன்பிருந்தே மருத்துவர் சொல்லும் அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அடுத்த கர்ப்பத்துக்கு முன் என்ன செய்ய வேண்டும்?

பதில்: கருத்தரிக்கும் முன்பே பழுதான மரபணுவைக் கண்டறிய வேண்டும். இறந்த குழந்தையின் டிஎன்ஏ அல்லது திசு ஆய்வகத்தில் இன்னும் இருக்கிறதா என்று இன்றே கேளுங்கள். துயரத்தில் பலரும் விட்டுவிடுவது இதைத்தான். அது இல்லையென்றால் பெற்றோர் இருவரின் இரத்தத்திலும் தேடலாம். பழுது தெரிந்துவிட்டால், 11 முதல் 13 வாரங்களுக்குள் நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துச் சோதித்துவிடலாம். ஸ்கேனும் அப்போதே தேவை. பின்னாளில் பனிக்குட நீர் வற்றி விரல்கள் சரியாகத் தெரியாமல் போகலாம். பெரிய குறைகள் தாமதமாகத் தெரிந்தாலும், 24 வாரங்களுக்குப் பிறகு கருக்கலைப்புக்கு அனுமதி கேட்டு மருத்துவ வாரியத்தை அணுக இந்தியக் கருக்கலைப்புச் சட்டத்தின் 2021-ஆம் ஆண்டுத் திருத்தம் வழிசெய்கிறது.

கேள்வி: என் அக்காவுக்கு இப்படி இரண்டு குழந்தைகள் போயின. அத்தானின் தம்பியையே எனக்குப் பேசுகிறார்கள். செய்யலாமா?

பதில்: உங்களிடமும் அவரிடமும் அப்பழுது இருக்கத் தலா 50 சதவீத வாய்ப்பாவது உண்டு. கணக்கிட்டால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் குறைந்தது 16-இல் 1 ஆபத்து. வெளியில் மணந்தால் அது மிகச் சிறிது. அக்கா குடும்பத்தின் பழுது கண்டறியப்பட்டிருந்தால், நிச்சயதார்த்தத்துக்கு முன் இருவரும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஒருவரிடம் அது இல்லையென்றாலே, இந்நோயை முன்னிட்டு அச்சம்பந்தத்தைத் தவிர்க்க வேண்டியதில்லை.