ஏர் லிங்கஸ் எந்தக் கூட்டணியிலும் இல்லையே, அயர்லாந்தில் இருப்பவர் எந்த மைலேஜ் கணக்கைத் தொடங்குவது?

கேட்டவர் டப்ளினுக்கு வேலைக்கு வந்து சில மாதங்கள் ஆனவர். வருடத்துக்கு ஒருமுறை சென்னை, அலுவலக வேலையாக அவ்வப்போது பாஸ்டன், மற்றபடி ஐரோப்பாவுக்குள் சின்னப் பயணங்கள். அயர்லாந்தின் விமான நிறுவனமான ஏர் லிங்கஸ், விமான நிறுவனங்கள் சேர்ந்து நடத்தும் கூட்டணிகளில் ஒன்வேர்ல்டிலும் இல்லை, ஸ்டார் அலையன்ஸிலும் இல்லை, ஸ்கைடீமிலும் இல்லை என்று தெரிந்ததும் "அப்புறம் அதில் கணக்கு வைத்து என்ன பயன்?" என்று கேட்டிருக்கிறார்.

பயன் இருக்கிறது. நானும் டப்ளினில் இருந்து பாஸ்டனுக்கும் சென்னைக்கும் போய்வருகிறவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் பாயிண்டையும் ஸ்டேட்டஸையும் பிரித்துக்கொள்ளுங்கள். பாயிண்ட் சேர்த்தால் பிறகு டிக்கெட் எடுக்கலாம். ஸ்டேட்டஸ் என்பது நிறையப் பறப்பவருக்கும் நிறையச் செலவழிப்பவருக்கும் தரும் தனிக் கவனிப்பு: லவுஞ்ச் (விமான நிலையத்தின் தனி ஓய்வறை), கூடுதல் பெட்டி, வரிசையில் முந்திப் போவது. கூட்டணி முக்கியமாக உதவுவது இந்த ஸ்டேட்டஸ் விஷயத்தில்தான். ஒன்வேர்ல்டில் ரூபி, சஃபையர், எமரால்டு என்று மூன்று படிகள். ஒரு நிறுவனத்தில் சஃபையர் ஆகிவிட்டால், கூட்டணியின் இன்னொரு நிறுவனத்தில் எகானமி டிக்கெட்டில் போனாலும் பிசினஸ் லவுஞ்சுக்குள் போகலாம். ஏர் லிங்கஸ் பயணிக்கு இல்லாதது இந்த உத்தரவாதம். பிரிட்டிஷ் ஏர்வேஸோடு சில சலுகைகள் இருந்தால் அவை இரண்டு நிறுவனங்களும் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு. போகும் முன் அந்தந்தத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏர் லிங்கஸ் ஒரு காலத்தில் கூட்டணிக்கு உள்ளேயும் இருந்திருக்கிறது. 2000 ஜூன் மாதம் ஒன்வேர்ல்டில் சேர்ந்தது. அடுத்த ஆண்டே செப்டம்பர் 11 தாக்குதல் நடந்து, அமெரிக்கப் பயணிகளை நம்பியிருந்த அந்த நிறுவனம் மூடும் நிலைக்குப் போனது. அப்போது பொறுப்புக்கு வந்தவர் வில்லி வால்ஷ். அதே நிறுவனத்தில் 1979இல் பயிற்சி விமானியாகச் சேர்ந்தவர். ஆட்களைக் குறைத்து, செலவைக் குறைத்து, குறைந்த கட்டண நிறுவனமாக அதை மாற்றினார். அவர் 2005இல் பிரிட்டிஷ் ஏர்வேஸுக்குப் போய்விட்டார். ஆனால் அந்தப் போக்கு தொடர்ந்தது. 2006 இலையுதிர் காலத்தில் ஏர் லிங்கஸ் பங்குச் சந்தைக்கு வந்தது. சில நாட்களிலேயே, அயர்லாந்தின் மலிவு விமான நிறுவனமான ரயன்ஏர் அந்தப் பங்குகளை வாங்கிக் குவித்து நிறுவனத்தையே கைப்பற்றப் பார்த்தது. ஐரோப்பிய ஆணையம் அதை 2007இல் தடுத்தது. பின்னால் வந்த இன்னொரு முயற்சியை 2013இல் தடுத்தது.

இந்த நெருக்கடிக்கு நடுவில்தான், 2007 மார்ச் கடைசியில், ஏர் லிங்கஸ் ஒன்வேர்ல்டை விட்டு வெளியேறியது. ஓரிடத்தில் ஏறி ஓரிடத்தில் இறங்கும், மலிவு டிக்கெட் பயணிதான் இனி நம் வாடிக்கையாளர். விமானம் மாறிப் போகிறவருக்கான லவுஞ்ச், பாயிண்ட், கணினி இணைப்புச் செலவெல்லாம் நமக்கு எதற்கு என்பதுதான் கணக்கு. அதே ஆண்டு ஆகஸ்டில் ஷானனில் இருந்து லண்டனின் ஹீத்ரோ போகும் விமானத்தை நிறுத்திவிட்டு, அந்த ஹீத்ரோ ஸ்லாட்டுகளை (அங்கே இறங்கி ஏறக் கிடைத்த நேர அனுமதிகளை) பெல்ஃபாஸ்டுக்குக் கொடுப்பதாக அறிவித்தார்கள். அயர்லாந்தின் மேற்குப் பகுதி கொதித்துப்போனது. அது நியாயமான கோபம் என்றே நினைக்கிறேன். ஷானனில் இருப்பவருக்கு ஹீத்ரோ வெறும் லண்டன் இல்லையே. சிங்கப்பூருக்கும் சென்னைக்கும் வழி அதுதான். 2009இல் அந்தச் சேவை திரும்பி வந்தது.

2015இல் வால்ஷ் மறுபடி வந்தார், இந்த முறை ஐஏஜி குழுமத்தின் தலைவராக. பிரிட்டிஷ் ஏர்வேஸ், ஐபீரியா, வூலிங் ஆகியவற்றுக்குச் சொந்தக்காரரான அந்தக் குழுமம் சுமார் 136 கோடி யூரோவுக்கு ஏர் லிங்கஸை வாங்கியது. அரசு தன் 25 சதவீதப் பங்கை விற்கச் சம்மதிக்க, ஹீத்ரோ ஸ்லாட்டுகளை ஏழு ஆண்டுகளுக்கு அயர்லாந்துச் சேவைக்கே பயன்படுத்துவோம் என்று உறுதி கொடுத்தார்கள். அவ்வளவு பெரிய விஷயம் அந்த ஸ்லாட்டுகள்.

சரி, குழுமத்தின் பிரிட்டிஷ் ஏர்வேஸும் ஐபீரியாவும் ஒன்வேர்ல்டில் இருக்கும்போது ஏர் லிங்கஸ் ஏன் திரும்பிச் சேரவில்லை? சேரப்போகிறது என்ற பேச்சு சில ஆண்டுகள் ஓடியது, நடக்கவில்லை. என் கணிப்பில், கூட்டணியால் நிறுவனத்துக்குக் கிடைக்க வேண்டியது வேறு இரண்டு வழிகளில் கிடைத்துவிட்டது. ஒன்று, ஏர் லிங்கஸ் 2016இல் தொடங்கிய ஏர்கிளப் என்ற மைலேஜ் திட்டத்தின் வழியே, குழுமத்தின் நிறுவனங்களுக்குப் பொதுவான ஏவியோஸ் என்ற பாயிண்ட். இன்னொன்று, அமெரிக்கன் ஏர்லைன்ஸ், பிரிட்டிஷ் ஏர்வேஸ், ஐபீரியா, ஃபின்ஏர் ஆகியவை அட்லாண்டிக் வழித்தடங்களில் சேர்ந்து நடத்தும் கூட்டு வியாபாரம்; அதில் ஏர் லிங்கஸும் சேர 2020 டிசம்பரில் அமெரிக்கப் போக்குவரத்துத் துறை அனுமதி கொடுத்தது. கூட்டணிக்கு வெளியே இருப்பதால், எந்தக் கூட்டணியிலும் இல்லாத ஜெட்புளூவோடும், ஸ்டார் அலையன்ஸில் இருக்கும் யுனைடெட்டோடும் கைகோக்கவும் முடிந்தது. நிறுவனத்துக்கு இது நல்ல ஏற்பாடு. அடிக்கடி பறக்கும் ஐரிஷ் பயணிக்கு லவுஞ்ச் கதவு அப்படித் திறக்கவில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். வருடத்துக்கு ஒரு சென்னை எகானமி டிக்கெட்டை வைத்து எந்தக் கூட்டணியிலும் உயர்ந்த ஸ்டேட்டஸ் வராது. போதாக்குறைக்கு, பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2025 ஏப்ரலில் இருந்து செலவழித்த பவுண்டைக் கணக்கிட்டுத்தான் படி ஏற்றுகிறது. அங்கே வெள்ளி நிலைக்கு 7,500 டியர் பாயிண்ட் (படி ஏறுவதற்கு மட்டும் எண்ணும் பாயிண்ட்) வேண்டும். செலவழிக்கும் ஒரு பவுண்டுக்கு ஒரு பாயிண்ட். சொந்தக் காசில் ஊருக்குப் போகிறவருக்கான இலக்கு இது கிடையாது. அதனால் ஸ்டேட்டஸை மறந்துவிட்டுப் பாயிண்டை ஒரே நாணயத்தில் சேருங்கள். அந்த நாணயம் ஏவியோஸ். பிரிட்டிஷ் ஏர்வேஸ், ஐபீரியா, ஏர் லிங்கஸ் மூன்றிலும் அதுதான். 2022இல் கத்தார் ஏர்வேஸும் 2024இல் ஃபின்ஏரும் அதற்கே மாறின. சென்னைக்கு தோஹா வழியாகப் போனாலும் ஹீத்ரோ வழியாகப் போனாலும் சேருவது ஏவியோஸ்தான், பாஸ்டன் பயணத்தில் சேருவதும் அதுதான். ஒரு கணக்கில் இருந்து இன்னொன்றுக்கு நகர்த்தவும் முடியும்.

அலுவலகம் உங்களை மாதத்துக்கு ஒருமுறை ஏர் லிங்கஸில் அனுப்பினால் ஏர்கிளப்பிலேயே இருங்கள். அதன் வெள்ளி, பிளாட்டினம் படிகளுக்கு டப்ளினில் உண்மையான உபயோகம் உண்டு. இல்லையென்றால் கத்தார் அல்லது பிரிட்டிஷ் ஏர்வேஸ் கணக்கு ஒன்றே போதும். ஃபிராங்க்ஃபர்ட் வழியாக லுஃப்தான்ஸாவில்தான் ஊருக்குப் போவேன் என்றால் இது எதுவும் பொருந்தாது. ஸ்டார் அலையன்ஸ் திட்டம் ஒன்றைப் பாருங்கள்.

சேர்த்த ஏவியோஸை எங்கே செலவழிப்பது? டப்ளின் – பாஸ்டன் தூரம் 3,000 மைலுக்கு மயிரிழையில் குறைவு. ஏவியோஸ் விலைப்பட்டியல் தூரத்தைப் பொறுத்தது என்பதால், நியூயார்க்கைவிடக் கீழ்ப்படியில் பாஸ்டன் விழுகிறது. கூடவே, ஏவியோஸில் எடுக்கும் டிக்கெட்டுக்குக் கையில் இருந்து கட்டும் வரியும் கட்டணமும் டப்ளினில் குறைவு. அயர்லாந்து தன் விமானப் பயண வரியை 2014 ஏப்ரலில் பூஜ்யமாக்கிவிட்டது. லண்டனில் இருந்து புறப்படுகிறவர் தலையில் இன்னமும் அந்த வரி விழுகிறது, நீண்ட தூரத்துக்குக் கனமாகவே. லண்டன்வாசிகள் வேலை மெனக்கெட்டு டப்ளின் வந்து அமெரிக்காவுக்கு விமானம் ஏறுவதன் காரணம் இதுதான். நீங்கள் டப்ளினிலேயே இருக்கிறீர்கள், விடாதீர்கள்.

பாஸ்டன் போகும்போது இன்னொரு வசதி, எந்தக் கூட்டணி அட்டையும் தராதது. அமெரிக்கக் குடிநுழைவு, சுங்கச் சோதனை இரண்டும் டப்ளினிலேயே முடிந்துவிடும். ஐரோப்பாவில் டப்ளின், ஷானன் என்ற இரண்டு நிலையங்களில் மட்டும்தான் இது உண்டு. பாஸ்டனில் உள்நாட்டுப் பயணி மாதிரி இறங்கி நேராக வெளியே நடந்துவிடலாம். ஒன்று மட்டும் கவனியுங்கள்: இரண்டாவது டெர்மினலில் ஏர் லிங்கஸின் லவுஞ்ச் அந்தச் சோதனைக்கு முன்னால் இருக்கிறது. அங்கே உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தால் அமெரிக்கச் சோதனையின் வரிசை அதற்கப்புறம் காத்திருக்கும். சோதனை முடிந்த பிறகு வருவது வேறொரு லவுஞ்ச்.

சென்னைப் பயணத்தைப் பொறுத்தவரை, பாயிண்டைவிட முக்கியம் ஒரே டிக்கெட்டாக எடுப்பது. டப்ளின் – ஹீத்ரோ தனியாக மலிவில், ஹீத்ரோ – சென்னை தனியாக என்று எடுக்கிறவர்களை நிறையப் பார்க்கிறேன். ஏர் லிங்கஸ் ஹீத்ரோவில் இரண்டாவது டெர்மினலில் இறக்கும். பிரிட்டிஷ் ஏர்வேஸின் சென்னை விமானம் வேறொரு டெர்மினலில் இருந்து கிளம்பும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனத்துக்கு உங்களைப் பற்றி எந்தப் பொறுப்பும் இல்லை, இரண்டும் ஒரே குழுமமாக இருந்தாலும். இந்தியப் பாஸ்போர்ட்காரர்கள் பிரிட்டனின் டிரான்சிட் விசா விதியையும் முன்கூட்டியே படித்துவிட வேண்டும்.

ஒரே டிக்கெட்டாக இருந்தால் சட்டமும் துணைக்கு வரும். ஐரோப்பிய ஒன்றிய விதி 261இன்படி, டப்ளினில் இருந்து கிளம்பும் பயணம் எந்த நாட்டு நிறுவனத்தில் இருந்தாலும், நிறுவனத்தின் தவறால் சென்னைக்கு மணிக்கணக்கில் தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் இழப்பீடு கேட்கலாம். இந்தத் தூரத்துக்கு 600 யூரோ வரை. தங்க அட்டைக்காரருக்கும் முதல்முறை பறப்பவருக்கும் ஒரே தொகை. சென்னையில் இருந்து திரும்பும்போது வளைகுடா நிறுவனத்தில் வந்தால் இந்த விதி பொருந்தாது. லுஃப்தான்ஸா மாதிரி ஐரோப்பிய ஒன்றிய நிறுவனமாக இருந்தால் பொருந்தும். ஒரு முறை நானும் கேட்டு வாங்கியிருக்கிறேன். முதல் பதிலில் மறுத்தார்கள், விடாமல் எழுதியதும் கொடுத்தார்கள்.

பெற்றோரை வரவழைக்கும்போது சக்கர நாற்காலிக்கு ஸ்டேட்டஸ் வேண்டுமா என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். வேண்டாம். ஐரோப்பிய விமான நிலையங்களில் அந்த உதவி சட்டப்படி இலவசம். 48 மணி நேரத்துக்கு முன்பே நிறுவனத்திடம் சொல்லிவிட்டால் போதும். அப்பா அம்மாவுக்கு இதை அவசியம் செய்யுங்கள்.

கடன் அட்டை வழியாகப் பாயிண்ட் குவிக்கலாம் என்ற நினைப்போடு வந்திருந்தால் ஏமாற்றம்தான். கடைக்காரரின் வங்கியிடம் இருந்து அட்டை கொடுத்த வங்கிக்குப் போகும் கட்டணத்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் 0.3 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்துவிட்டது. அமெரிக்காவிலும் இந்தியாவிலும் அந்தக் கட்டணத்தில் இருந்துதான் வங்கிகள் மைலேஜை அள்ளிக் கொடுக்கின்றன. இங்கே அள்ள எதுவும் இல்லை.

ஐரோப்பாவுக்குள் போகும் சின்னப் பயணங்களுக்கு ரயன்ஏர் மலிவாக இருந்தால் யோசிக்காமல் அதில் போங்கள். அங்கே மைலேஜும் கிடையாது, கூட்டணியும் கிடையாது. 2025இல் வருடத்துக்கு 79 யூரோ வாங்கிக்கொண்டு ஒரு சந்தா திட்டம் நடத்திப் பார்த்து, அதே ஆண்டே நிறுத்திவிட்டார்கள். நாலு ஏவியோஸுக்காக ஐம்பது யூரோ அதிகம் கொடுத்து வேறு விமானத்தில் போவதில் அர்த்தமில்லை.

கடைசியாக, கணக்கு தொடங்கும் முன்பே பெயரைச் சரிசெய்துகொள்ளுங்கள். ஏவியோஸை ஒரு கணக்கில் இருந்து இன்னொன்றுக்கு நகர்த்த, இரண்டிலும் பெயர், பிறந்த தேதி, மின்னஞ்சல் எல்லாம் அச்சு மாறாமல் ஒன்றாக இருக்க வேண்டும். நமக்கோ ஓரிடத்தில் இனிஷியல், ஓரிடத்தில் அப்பா பெயர் குடும்பப் பெயராக, இன்னோரிடத்தில் இரண்டும் சேர்த்து என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே எல்லாக் கணக்கிலும் போடுங்கள். மூன்று ஆண்டுகள் கணக்கில் எந்த வரவும் செலவும் இல்லையென்றால் ஏவியோஸ் காலாவதியாகும் என்பதையும் நினைவில் வையுங்கள். வருடத்துக்கு ஒரு சென்னைப் பயணத்தின் பாயிண்ட் அதில் ஏறினாலே அந்தக் கவலை இல்லை.