தூரிகைப் பக்கம்: தாத்தாவின் பெட்டியில் ஒரு கொழுந்து

கேள்வி: அக்கா, தாத்தாவின் பழைய தகரப் பெட்டி ஒன்று வீட்டில் இருக்கிறது. மூடியில் கறுப்புப் பேனாவால் இரண்டு இலையும் ஒரு மொட்டும் வரைந்து, மேலே ஒயில் பெயின்ட் பூசினேன். கோடெல்லாம் ஊதாவாகப் பரவிவிட்டது. அடுப்புக்குப் பக்கத்தில் மூன்று வாரம் வைத்தும் கையில் ஒட்டுகிறது. எங்கே பிழை?
– வாசகி, தலவாக்கலை

பதில்: ஊதா என்று எழுதியிருக்கிறீர்களே, அதிலேயே விஷயம் தெரிந்துவிட்டது தங்கச்சி. நீங்கள் எடுத்தது போல்பாயின்ட் பேனா. அந்த மையில் இருப்பது சாயம், டர்பன்டைன் பட்டால் கரைந்து ஓடும். இந்த வேலைக்குக் கரி கலந்த, காய்ந்தபின் கரையாத மை வேண்டும். வரைபடம் போடுகிறவர்களின் ரொட்ரிங் பேனாவில் ஊற்றும் கறுப்பு மை நல்லது. நான் 0.25 மில்லிமீட்டர் முனையில் ஓரங்களையும் 0.1 மில்லிமீட்டர் முனையில் நரம்புகளையும் போடுவேன்.

இப்போது பூசியதை டர்பன்டைன் நனைத்த துணியால் முழுதாகத் துடைத்துவிடுங்கள். பெட்டியின் பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். அதனால் சாண்ட் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத்தான் தேய்க்க வேண்டும், பிள்ளைகள் பக்கத்தில் வரக்கூடாது. துரு போனதும் தகரத்துக்கான பிரைமர் என்ற அடிப்பூச்சு, அதற்குமேல் பளபளப்பில்லாத வெளிர் பூச்சு. பளபளப்பில் மை பிடிக்காது. கோடு போட்டு ஒரு நாள் காயவிட்டு, பளபளப்பில்லாத அக்ரிலிக் மெட் வார்னிஷை மெல்லியதாக ஒரு கை கொடுத்துவிட்டால் பிறகு எவ்வளவு துடைத்தாலும் கோடு அசையாது.

ஒயிலை எவ்வளவு பூசுவது? இதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். வெளிச்சம், நிழல், இலையின் மடிப்பு, எல்லாவற்றையும் மை முடித்துவிட வேண்டும். கொழுந்து இலையின் ஓரத்தில் ரம்பம் போன்ற பற்களை ஒவ்வொன்றாகப் போடுங்கள். மொட்டின் மேல் வெள்ளையாகப் பூனைமயிர் இருக்குமே, அதற்குப் புள்ளி புள்ளியாக வைத்தால் போதும். ஒயில் அதற்குமேல் ஒரு சாயல் மட்டும். பட்டாணி அளவு எடுத்துத் தேய்த்து, பழைய பருத்தித் துணியால் பாதிக்குமேல் துடைத்து எடுங்கள். வெளிச்சம் படும் இடத்தில் இன்னும் கொஞ்சம் துடையுங்கள். கோடு மறைந்தால் பெயின்ட் கூடிவிட்டது என்று அர்த்தம்.

காயாததற்கும் அதுவே காரணம். ஒயில் பெயின்ட் ஈரத்துணி போல உலர்வதில்லை. அதிலுள்ள ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஒட்சிசனை இழுத்துத்தான் இறுகும். தடிப்பாகப் பூசினால் மேலே ஆடை கட்டி உள்ளே ஈரமாகவே கிடக்கும். நம் பக்கத்துக் குளிரில் இன்னும் மெதுவாகும். அடுப்புப் பக்கம் வேண்டாம், புகைக்கரி ஒட்டும். வெளிச்சமும் காற்றும் வரும் ஜன்னலோரம் வையுங்கள். இருட்டில் வைத்தால் அந்த எண்ணெய் மஞ்சளடிக்கும். அம்பர் எனும் மண்பழுப்பு சீக்கிரம் காயும், அதில் இயற்கையாகவே மங்கனீசு இருக்கிறது. வெள்ளைக்குப் பொறுமை வேண்டும். கடைசி வார்னிஷுக்கு நான் குறைந்தது ஒரு மாதம் காத்திருப்பேன்.

இன்னொன்று, நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்லியே ஆக வேண்டும். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். எண்ணெய் இறுகும்போது சூடு பிறக்கும். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். ஒருநாள் என் குசினி மூலையில் கிடந்த துணிப்பந்தைத் தொட்டேன், சுடுசோறு போலச் சுட்டது. நான் அப்போது லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில் இருந்தேன். ஒரு காம்பராவில், அதாவது ஓர் அறையில் தீப்பிடித்தால் வரிசை முழுவதும் போய்விடும் அல்லவா? அன்றிலிருந்து தண்ணீர் நிறைத்த மூடிபோட்ட டின்னில்தான் போடுகிறேன். நீங்களும் இன்றே ஒரு டின் எடுத்து வையுங்கள்.

கேள்வி: பெட்டி, கைத்தடி என்று வீட்டுப் பொருட்களில் அலங்காரம் செய்யும் பழக்கம் நம் மலைப்பக்கத்தில் முன்பே உண்டா?
– வாசகர், பண்டாரவளை

பதில்: உண்டு, அதுவும் அருமையான ஒன்று. மாத்தளைப் பக்கம் ஹபுவிட கிராமத்துச் சிங்களக் கைவினைஞர்கள் அரக்கு வேலை செய்கிறார்கள். தூரிகையே கிடையாது. நிறம் சேர்த்த அரக்கைத் தணலில் இளக்கி, நூலாக இழுத்து, மரத்தில் பதித்துக் கட்டைவிரல் நகத்தால் நறுக்கி நறுக்கி வடிவம் செய்வார்கள். சிவப்பு, மஞ்சள், கறுப்பு, பச்சை. அரக்கு சூடாக இருக்கும்போதே முடிக்க வேண்டிய வேலை, கை நடுங்கினால் போச்சு. அந்த நிதானத்தைப் பார்த்துப் பழகினால் நம் பேனாக்கோடும் நேராகும்.

கேள்வி: தேநீர்க் கோப்பையில் இப்படி வரையலாமா?
– வாசகி, ஹட்டன்

பதில்: குடிக்கிற கோப்பையில் வேண்டாம் அம்மா. சில நிறங்களில் கட்மியம் என்ற நச்சு உலோகம் இருக்கிறது, வாய் படும் இடத்துக்கு ஆகாது. கழுவக் கழுவ உரிந்தும் போகும். தேயிலை டின்னின் வெளிப்பக்கம், கோப்பை வைக்கும் தட்டத்தின் அடிப்பக்கம், சுவர் அலமாரிக் கதவு, இவற்றில் தாராளமாக வரையுங்கள்.