கையேட்டில் வெர்ஷன் எண்ணை எப்படி எழுதுவது?

கேள்வி: அண்ணாச்சி, அம்பாசமுத்திரத்தில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் கையேடு எழுதும் வேலை பார்க்கிறேன். அரிசி ஆலைகளுக்கான பில்லிங் மென்பொருள். ஓர் ஆலையில் 3.8 ஓடுகிறது, இன்னொன்றில் 3.10. ஒரே கையேட்டில் குழப்பமில்லாமல் எல்லா வெர்ஷனையும் எப்படிக் குறிப்பிடுவது?

பதில்: தம்பி, முதல் வேலையாகக் கையேட்டைத் திறந்து 'புதிய', 'தற்போதைய', 'லேட்டஸ்ட்' என்ற சொற்களைத் தேடுங்கள். அகப்படும் இடத்திலெல்லாம் எண்ணைப் போடுங்கள். இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. 2016-ல் கல்லிடைக்குறிச்சிப் பக்கம் ஓர் ஆலைக்கு ஒரு பக்கக் குறிப்பு எழுதிக் கொடுத்தேன். 'புதிய வெர்ஷனில் எஃப்8 அழுத்தினால் அன்றைய கொள்முதல் கணக்கு சேமிக்கப்படும்' என்று அதில் ஒரு வரி. லேமினேஷன் செய்து பில் போடும் மேஜைக்கு மேலே ஒட்டியிருந்தார்கள். மூன்று வருடம் கழித்துப் போனால் ஓரமெல்லாம் தவிட்டுத் தூசி படிந்து அதே தாள் அங்கேயே இருக்கிறது. இதற்குள் மென்பொருள் இரண்டு முறை மாறி, எஃப்8 கணக்கை அழிக்கும் பட்டனாகிவிட்டது. வேலைக்குப் புதிதாக வந்த பிள்ளை என் வரியை நம்பி அழுத்திவிட்டு, அரை நாள் எடைச் சீட்டுகளைத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தது. 'வெர்ஷன் 3.4-ல்' என்று நான் எழுதியிருந்தால் அந்தப் பிள்ளை திரையில் எண்ணைப் பார்த்துக் கையை எடுத்திருக்கும்.

சரி, உங்கள் 3.10-க்கு வருவோம். இது தசம எண் இல்லை. மூன்றாம் வரிசையில் பத்தாவது. பைதான் என்ற நிரல்மொழியில் 3.9-க்கு அடுத்து 2021-ல் வந்தது 3.10தான். அதை 3.1 என்று படித்து, 3.8-ஐ விடப் பழையது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். கடைசிப் பூஜ்யத்தை ஒருபோதும் விடாதீர்கள். எக்செல்லில் வெர்ஷன் பட்டியல் வைத்திருந்தால் அதுவே 3.1 ஆக்கிவிடும், அந்தக் கட்டங்களை முதலில் டெக்ஸ்ட் என்று மாற்றிவிட்டு அடியுங்கள். 3.10.2 என்று மூன்றாவது எண்ணும் உண்டல்லவா? ஒரு பிழை அந்தத் திருத்தத்தில்தான் சரியானது என்றால் மட்டும் அதை எழுதுங்கள், மற்ற இடத்தில் 3.10 போதும்.

அப்புறம், '3.8-க்கு மேல்' என்ற பேச்சே வேண்டாம். 'பத்து மூட்டைக்கு மேல் எடுத்தால் தள்ளுபடி' என்றால் பத்து எடுத்தவருக்கு உண்டா, இல்லையா? கடையிலேயே வழக்கு வரும். '3.8 முதல்' என்றால் 3.8-உம் சேர்ந்தது என்பது யாருக்கும் புரியும். கூகுள், மைக்ரோசாஃப்ட் இரண்டின் ஆங்கில நடைக் கையேடுகளும் வெர்ஷனை 'மேல்', 'கீழ்' என்று சொல்லாமல் 'பிந்தைய', 'முந்தைய' என்றே சொல்லச் சொல்கின்றன.

நிபந்தனை வரியின் தொடக்கத்திலேயே வரட்டும். '3.10-ல்: எஃப்8 அழுத்துங்கள்' என்று இருக்க வேண்டும். ஆலையில் ஒரு கையால் சீட்டைப் பிடித்துக்கொண்டு படிப்பவர், வரி முடியுமுன்னே அழுத்திவிடுவார். தன்னிடம் இருப்பது எந்த வெர்ஷன் என்று திரையில் எங்கே பார்ப்பது என்பதையும் முதல் பக்கத்திலேயே படத்தோடு காட்டிவிடுங்கள்.

ஒரே வெர்ஷனுக்கு இரண்டு எண் இருந்தால் இரண்டையும் ஒருமுறை சொல்லிவிடுங்கள். பாளையங்கோட்டைத் தெருக்களில் கதவு இலக்கம் 'பழைய எண், புதிய எண்' என்று இரண்டும் எழுதியிருக்குமே, அந்த மாதிரி. ஜாவா என்ற இன்னொரு நிரல்மொழியில், ஜாவா 8 என்று நாம் சொல்வதைக் கணினியிடம் கேட்டால் 1.8 என்றுதான் காட்டும்.

வெர்ஷனா, பதிப்பா? ஆலைக் கணக்குப்பிள்ளை ஃபோனில் 'வெர்ஷன்' என்றுதான் கேட்கிறார், அதையே மென்பொருளுக்கு வையுங்கள். 'பதிப்பு' உங்கள் கையேட்டுக்கு இருக்கட்டும். அட்டையில் 'வெர்ஷன் 3.8 முதல் 3.10 வரைக்கான கையேடு, இரண்டாம் பதிப்பு' என்று அச்சிட்டு, கீழே மாதமும் வருடமும் போட்டுவிடுங்கள்.