1580ஆம் ஆண்டுத் தலைக்கவசமா, விக்டோரியா காலத்து நகலா?

கேள்வி: லண்டனில் ஒரு பழம்பொருள் கடையில் மோரியன் வகை இரும்புத் தலைக்கவசம் பார்த்தேன். உச்சியில் உயர்ந்த கொண்டை, உடல் முழுக்க அமிலத்தால் அரித்த சித்திர வேலை. இத்தாலியில் 1580 வாக்கில் செய்தது என்கிறார் கடைக்காரர். நம்பலாமா? துருவை நானே துலக்கலாமா?

பதில்: சித்திர வேலையில் மயங்கிவிடாதீர்கள். 19ஆம் நூற்றாண்டில் மாளிகைக் கூடங்களில் கவசம் நிறுத்தும் மோகம் ஐரோப்பியப் பணக்காரர்களைப் பிடித்து ஆட்டியது. நகல் தொழிலும் செழித்தது. மியூனிக்கில் எர்ன்ஸ்ட் ஷ்மிட்டின் பட்டறை அதில் பேர்போனது. அமில வேலையெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி.

கவிழ்த்துப் பிடித்து, டார்ச் அடித்து உள்பக்கம் பாருங்கள். அக்காலத்து உயர்தர மோரியனைக் கொண்டையோடு சேர்த்து ஒரே தகட்டில் அடித்து எழுப்புவார்கள். உள்ளே சுத்தியல் தடம் தெரியும்; கனமும் இடத்துக்கு இடம் மாறும். நகல்களில் பெரும்பாலும் ஆலையில் உருட்டிய தகடு, எங்கும் ஒரே கனம். கொண்டையின் முதுகில் மூட்டு இருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள். இருந்தாலே போலி என்றில்லை (சாதாரணப் படைவீரர்களுக்கான மலிவுக் கவசங்களை இரண்டு பாதியாகச் செய்ததும் உண்டு), ஆனால் அது ஓரத்தை மடித்துப் பிணைத்த மூட்டாக இருக்க வேண்டும். வாயு வெல்டிங் தடம் கண்டால் 1900க்குப் பிந்தைய வேலை. துருக்குழிகள் எல்லா இடத்திலும் சீராக இருந்தால் அமிலம் ஊற்றிப் பழசாக்கியதோ என்று சந்தேகப்படுங்கள்.

சட்டைப்பையில் ஒரு காந்தமும் இருக்கட்டும். பர்மிங்காமின் எல்கிங்டன் நிறுவனம் அசல் பொருள்களில் அச்செடுத்து, மின்முலாம் முறையில் செம்பில் நகல் வார்த்தது. நுணுக்கம் அப்படியே இருக்கும், காந்தம் ஒட்டாது.

நூறாண்டு கடந்த நல்ல நகலுக்கும் சேகரிப்பாளர்களிடம் மதிப்பு உண்டு. நகலுக்கான விலை சொன்னால் தாராளமாக வாங்குங்கள். அசல் விலை கேட்டால், ரசீதில் காலத்தை எழுதிக் கையெழுத்திடச் சொல்லுங்கள். பாதிப் பேர் அங்கேயே பின்வாங்குவார்கள்.

துருவுக்குப் புளி, எலுமிச்சை வேண்டவே வேண்டாம். குத்துவிளக்கல்ல இது: புளிப்பு ஏறினால் ஆழமில்லாத சித்திரக் கோடுகள் மழுங்கிப்போகும். உதிரும் துருவை மட்டும் மெல்லிய எண்ணெய் தொட்ட 0000 (மிக நுண்ணிய ரகம்) எஃகுப் பஞ்சால் லேசாகத் தேய்த்து, எண்ணெயைத் துடைத்துவிட்டு, மைக்ரோகிரிஸ்டலின் மெழுகு (அருங்காட்சியகங்களில் உலோகத்தைக் காக்கப் பூசும் மெழுகு) பூசுங்கள். பிறகு கையுறை இல்லாமல் தொடாதீர்கள். வியர்வை உப்பு மறுபடி துருவைக் கொண்டுவரும்.