பூம் மீண்டும் விரிசல் விடுவது ஏன்? வெல்டிங் கேள்வி-பதில்

கேள்வி: குவாரியில் ஓடும் எங்கள் பொக்லைனின் பூம் (வாளியைத் தாங்கும் பெரிய இரும்புக் கை) ஒரே இடத்தில் இரண்டு முறை விரிசல் விட்டுவிட்டது. இந்த முறை மேலே தடித்த தகடு வைத்து, சுற்றிலும் கனமாக வெல்டிங் செய்துவிடலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். அப்படி மூடிய ஒரு தகட்டை நான் கழற்றிப் பார்த்திருக்கிறேன். விரல் நீளமிருந்த விரிசல் உள்ளுக்குள்ளேயே சாண் நீளத்துக்கு வளர்ந்திருந்தது. தகட்டின் முனையில் குறுக்கே போட்ட வெல்டிங்கில் புதிதாக இன்னொன்று.

பூம் பெரும்பாலும் ஒரே அடியில் முறிவதில்லை. ஒவ்வொரு வாரலிலும் இழுபட்டுத் தளர்ந்து களைத்துப்போகிறது. அந்தக் களைப்பு முதலில் தெரிவது, வெல்டிங்கும் தகடும் சேரும் ஓரத்தில்தான். சாயம் தடவி விரிசலின் நுனியைக் கண்டுபிடியுங்கள். நுனியில் துளையிட்டு, விரிசலை முழுதாகக் கிரைண்டரால் தோண்டியெடுத்து, அடிவரை நிரப்புங்கள். பிறகு ஓரத்தை இழைத்துவிடுங்கள்: விரலால் தடவினால் படி தட்டக் கூடாது; கிரைண்டர் கீறல்கள் பூமின் நீளவாக்கில் ஓட வேண்டும், குறுக்கே ஒன்றுகூட ஆகாது.

உயர்வலிமை எஃகுக்கு மாறுவதும் இங்கே கைகொடுக்காது. வெல்டிங் ஓரத்தின் களைப்பு ஆயுள் எஃகின் வலிமையால் அநேகமாகக் கூடுவதில்லை. மாறாக, ஏறியிறங்கும் தகைவை (உலோகத்துக்குள் விழும் இழுவிசையின் அளவை) பாதியாக்கினால் ஆயுள் சுமார் 8 மடங்காகும்.

கேள்வி: மூலை வெல்டிங்கை 8 மி.மீ.யிலிருந்து 12 மி.மீ. ஆக்கினால் எவ்வளவு வலு கூடும்?

பதில்: ஒன்றரை மடங்கு. ராடு செலவோ 2.25 மடங்கு, கூடுதல் சூட்டில் தகடும் கோணும். வலுவைத் தருவது கழுத்தின் தடிமன், அதாவது மூலையிலிருந்து வெல்டிங்கின் முகப்புக்குக் குறுக்கே உள்ள தூரம். நீங்கள் சொன்ன 8, 12 மி.மீ. வெல்டிங்கின் பக்க அளவு; கழுத்து அதில் சுமார் 0.7 பங்கு. மேலே உப்பிய உலோகம் கணக்கில் வராது.

கேள்வி: 7018 ராடை (ஹைட்ரஜன் குறைந்த வெல்டிங் ராடு) பயன்படுத்தும் முன் சூடேற்றித்தான் ஆக வேண்டுமா?

பதில்: பெட்டி திறந்து கிடந்திருந்தால் கட்டாயம். 300 முதல் 350 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரமாவது. ஈரத்திலிருந்து வரும் ஹைட்ரஜன் தடித்த எஃகை ஒன்றிரண்டு நாள் கழித்தும் பிளக்கும்; அதனால் இறுதிச் சோதனையை 48 மணி நேரம் கழித்து வையுங்கள்.

கேள்வி: விளக்கு மாட்ட பூமில் சின்னத் துண்டு ஒன்றை வெல்டிங் செய்யலாமா? அதில் சுமையே இல்லை.

பதில்: துண்டில் இல்லை, பூமில் இருக்கிறது. 1980 மார்ச் 27 அன்று வடகடலில் அலெக்சாண்டர் கீலாண்ட் மிதவை மேடை கவிழ்ந்து 123 பேர் இறந்தார்கள். ஒலியுணர் கருவி ஒன்றைத் தாங்குவதற்காகத் தாங்குகுழாயில் பொருத்திய துண்டைச் சுற்றியிருந்த 6 மி.மீ. வெல்டிங்கில்தான் மேடையைக் கவிழ்த்த விரிசல் தொடங்கியிருந்தது. விளக்கைப் பட்டை போட்டு போல்ட்டால் இறுக்குங்கள்.