நாடக உடுப்புத் தையல்: கேளுங்கோ, சொல்லுறன்

குருநகர் மாணவி: அக்கா, யாழ்ப்பாண அரசன் சங்கிலியன்ர நாடகத்தில போர்த்துக்கேயத் தளபதிக்குக் கழுத்தைச் சுத்தின மடிப்புப் பட்டி வேணும். மெஷினில சுருக்கினால் தொங்குது.

தொங்கத்தான் செய்யும் தங்கச்சி. 1619இல யாழ்ப்பாணத்தைப் பிடிக்கேக்க அவங்கள் போட்டது கையால இழுத்த கொசுவம். மெல்லிய பருத்தித் துணியில நாலு விரல் அகலத்துக்கு 4 யார் பட்டி எடு. ஒரு கரையை மடிச்சுத் தை. மற்றக் கரையில இரண்டு வரி நூலோட்டம், அரை அங்குலத்துக்கு ஒரு குத்து. மேல்வரிக் குத்துக்கு நேர் கீழதான் மற்றதும் விழவேணும், விலகினால் மடிப்புச் சரியும். நூலுக்குத் தேன்மெழுகு பூசு, இல்லாட்டி இழுக்கேக்க அறும். இரண்டையும் சேர்த்து இழுத்தால், இரண்டு குத்துக்கு ஒண்டாக 144 மடிப்பு குழாய் மாதிரி நிமிரும். ஒவ்வொண்டையும் தனியாக் கழுத்துப்பட்டியோட குத்து. பிறகு மரவள்ளி மாக் கஞ்சி போட்டு, ஈரம் காய முந்திச் சூடான கம்பியைக் குழாய்க்குள்ள விட்டு எடு. முதல்ல பழைய வேட்டியில செய்து பார்!

நல்லூர் தம்பி: முதுகில ஸிப் வைக்கலாமோ?

இப்ப நாங்கள் பாவிக்கிற ஸிப் 1913இல வந்தது. கொழுக்கி வை. வெல்குரோவும் வேண்டாம், கழட்டேக்க பின்வரிசைக்கும் கேக்கும்.

பாசையூர்: பூதத்தம்பி நாடகத்து ஒல்லாந்தனுக்கும் அதே கழுத்தோ?

இல்லை. ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடிச்ச 1658க்குள்ள அந்த மோஸ்தர் அநேகமாப் போயிட்டுது. தோளில படுக்கிற அகலக் கழுத்து, கரையில ரேந்தை. ஸ்பானிய அரசு பெரிய மடிப்புக் கழுத்தை 1623இலயே தடை செய்தது.

வட்டுக்கோட்டை: வடமோடிக் கூத்தில போடுற வளையம் வைச்ச கரப்புடை எப்பிடிக் கட்டுறது?

என்ர வேலை இல்லை. உங்களுக்குக் கூத்துப் பழக்கிற அண்ணாவியாரைக் கேளுங்கோ.

ஓய்வு வாத்தியார்: பறங்கி வரமுந்தித் தமிழனுக்குத் தையலே தெரியாது. சங்கிலியனை வெறும் மேலோட விடுங்கோ.

ஐயா, சிலப்பதிகாரத்தில சோழநாட்டுப் புகார் நகரத் தெருவிலயே துன்னகாரர் இருக்கினம். துணி தைக்கிற ஆக்கள். கஞ்சுகம் எண்ட சட்டையும் அதில வருது. ரேந்தை எண்ட சொல்லு போர்த்துக்கேயச் சொல்லுதான், ஊசி அவன் கொண்டுவந்ததில்லை.

வாத்தியார்: புகார் யாழ்ப்பாணமோ?

இல்லை. நீங்கள் "தமிழன்" எண்டீங்கள், நான் தமிழனுக்குப் பதில் சொன்னன். சங்கிலியன் வெறும் மேலோட நிண்டால் எனக்கு ஒரு சட்டை மிச்சம்.

கோண்டாவில்: கறுப்பு ஸிப் எண்டால் தெரியாதுதானே?

மேல வாசி தம்பி.

சுன்னாகம்: பளபளக்கிற நைலோன் துணி மலிவு, எடுக்கட்டோ?

வெளிச்சத்தில கண்ணாடி மாதிரி அடிக்கும், சூட்டுக் கம்பி பட்டால் உருகும். பருத்தி எடு. வெட்ட முந்திப் பழைய வேட்டி!