வாசகர் கேள்வி–பதில்: பூர்வகுடி வளர்ச்சி பற்றிய முதுகலைப் படிப்பு

இம்முறை வந்த கடிதங்களில் மூன்று, ஒன்றையொன்று அறியாமலே ஒரே பொருளைப் பற்றிக் கேட்டிருந்தன. ஆகவே இந்த இதழின் பக்கத்தை அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: எனது மகள் சமூகவியலில் இளமாணிப் பட்டம் முடித்து, கனடாவின் வினிபெக் பல்கலைக்கழகத்தில் பூர்வகுடி வளர்ச்சி நடைமுறை என்னும் முதுமாணிப் படிப்புக்கு இடம் பெற்றிருக்கிறாள். நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறியவர்கள். பிறருடைய வாழ்க்கையைப் பற்றிப் பட்டம் வாங்கி இவள் என்ன செய்யப்போகிறாள் என்று உறவினர்கள் கேட்கிறார்கள். இந்தப் படிப்பில் உண்மையில் எதைத்தான் கற்பிக்கிறார்கள்?
— ஒரு தாய், ஸ்காபரோ

பதில்: உங்கள் மகள் குடியேறப்போகும் ஊரின் குடிநீரிலிருந்து தொடங்குகிறேன். மனிடோபா, ஒன்டாரியோ மாகாணங்களின் எல்லையில் ஷோல் என்னும் ஏரி இருக்கிறது. நூற்றைம்பது கிலோமீட்டருக்கும் மேல் நீளமுள்ள நீர்வழி ஒன்றின் மூலம், 1919 முதல் வினிபெக் நகரம் அந்த ஏரியின் நீரைத்தான் குடித்து வருகிறது. நகரத்துக்கு நீர் செல்லும் வாயிலில் கலங்கிய நீர் கலந்துவிடாதபடி அன்று கட்டிய தடுப்பணையும் வெட்டிய கால்வாயும், 'ஷோல் லேக் 40' என்று அழைக்கப்படும் அனிஷினாபே பூர்வகுடிச் சமூகத்தின் குடியிருப்பைத் தீவாக்கிவிட்டன. நகரத்துக்குத் தெளிந்த நீர் போய்க்கொண்டிருக்க, அந்தச் சமூகத்தினர் 1997 முதல் இருபத்துநான்கு ஆண்டுகள், குழாய் நீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்கக்கூடாது என்ற எச்சரிக்கையின் கீழ், வெளியிலிருந்து பாட்டில்களில் கொண்டுவந்த தண்ணீரை நம்பி வாழ்ந்தார்கள்.

வெளியிலிருந்து வரும் வல்லுநர் யாரும் இதைக் கண்டவுடன் சுத்திகரிப்பு நிலையம் வேண்டும் என்றுதான் சொல்வார். அவர் சொல்வது தவறும் அல்ல. ஆனால் அந்த மக்கள் முதலில் சாலையைக் கேட்டார்கள். ஆண்டு முழுவதும் போய்வரக்கூடிய பாதை இல்லாத தீவுக்குக் கட்டுமானப் பொருள்களைக் கொண்டுசெல்லும் செலவே சுத்திகரிப்பு நிலையத் திட்டத்தை எட்டாத உயரத்துக்குத் தூக்கியிருந்தது. பனி உருகும் காலத்தில் மெலிந்த பனிப்பாளத்தின்மீது ஏரியைக் கடப்பவர்களின் உயிருக்கும் உறுதியில்லை. பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு, அவர்கள் விடுதலைச் சாலை என்று பெயரிட்ட இருபத்துநான்கு கிலோமீட்டர்ப் பாதை 2019-இல் திறக்கப்பட்டது. சாலை வந்தபின் 2021 செப்டம்பரில் சுத்திகரிப்பு நிலையமும் வந்தது.

எது முதலில், எது பிறகு என்று தீர்மானிக்கும் உரிமை யாருடையது என்பதே இந்தப் படிப்பின் மையம் என்று நான் புரிந்துகொண்டிருக்கிறேன். வளர்ச்சி நடைமுறை என்னும் முதுகலைப் படிப்பு உலகின் பல பல்கலைக்கழகங்களில் இருக்கிறது. பொருளியல், பொதுச் சுகாதாரம், சூழலியல், மேலாண்மை ஆகியவற்றைத் தனித்தனியே படித்தவர்கள் களத்தில் ஒருவர் மொழி மற்றவருக்குப் புரியாமல் நிற்கிறார்கள் என்பதைக் கண்ட பன்னாட்டு ஆணையம் ஒன்று 2008-இல் தந்த பரிந்துரையிலிருந்து அது பிறந்தது. அந்த வரிசையில் 2011-இல் சேர்ந்த வினிபெக், பூர்வகுடிகளின் வளர்ச்சியைத் தன் மையப்பொருளாக எடுத்துக்கொண்டது. திட்டமிடல், நிதி, வள மேலாண்மை முதலியவற்றோடு பூர்வகுடிகளின் சிந்தனை மரபும் ஆய்வு முறைகளும் அங்கே பாடங்கள். படிப்பின் நடுவே களப்பணிக் காலங்களும் உண்டு. இடமும் பொருத்தமானது. 2021 கணக்கெடுப்பின்படி வினிபெக் பெருநகரப் பகுதியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பூர்வகுடியினர் வாழ்கிறார்கள். கனடாவின் வேறெந்த நகரத்திலும் இத்தனை பேர் இல்லை.

வரலாற்றைப் படிக்காமல் அங்கே வளர்ச்சியைப் பற்றி வாய் திறக்க இயலாது. வினிபெக் நிற்கும் நிலத்தைப் பற்றி, அங்கே வாழ்ந்த பூர்வகுடியினருக்கும் பிரித்தானிய முடியாட்சிக்கும் இடையிலான முதலாம் ஒப்பந்தம் 1871 ஆகஸ்டு 3-இல் கையெழுத்தானது. அதன்படி பூர்வகுடியினருக்கு ஆளுக்கு ஆண்டுக்கு மூன்று டாலர் தருவதாகப் பேசி, சில ஆண்டுகளில் ஐந்தாக உயர்த்தினார்கள். இன்றும் அதே ஐந்து டாலர்தான். 1876-இல், பூர்வகுடியினரின் வாழ்வை அரசின் கட்டுப்பாட்டில் வைத்த இந்தியர் சட்டம் வந்தது (பூர்வகுடியினரையே அன்று 'இந்தியர்' என்றார்கள்). பெற்றோரிடமிருந்து பிரித்து உறைவிடப் பள்ளிகளில் அடைக்கப்பட்ட குழந்தைகள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். அதை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015-இல் 94 செயல் அழைப்புகளை முன்வைத்தது. அந்த ஆணையம் திரட்டிய சாட்சியங்களைக் காக்கும் தேசிய மையமும் அதே நகரத்தில், மனிடோபா பல்கலைக்கழகத்தில்தான் இருக்கிறது.

பிறருடைய வாழ்க்கை என்று உறவினர்கள் சொல்வதை நான் முழுவதும் ஏற்கவில்லை. ஒப்பந்தம் என்றால் இரு தரப்பு உண்டு. அந்த நிலத்தில் பின்னால் வந்து குடியேறிய நாம் எல்லோரும் மறுதரப்பின் வழியாகத்தான் அங்கே வீடு வாங்குகிறோம். நீங்கள் வாழும் ஸ்காபரோவின் நிலமும் 1923-இல் கையெழுத்தான வில்லியம்ஸ் ஒப்பந்தங்களுக்கு உட்பட்டதே. காணியை இழந்து வந்த குடும்பத்தின் நினைவு உங்கள் மகளுக்குப் பிறர் இழப்பைக் கேட்கும் செவியைத் தரும். ஆனால் எங்களுக்கும் இதேதான் நடந்தது என்று முதல் நாளே சொல்லிவிடாமல், அவர்கள் சொல்வதைக் கேட்டு முடிக்கும்வரை அவள் பொறுத்திருக்க வேண்டும்.

வேலையைப் பொறுத்தவரை, பூர்வகுடிச் சமூகங்களின் நிர்வாகங்கள், அவற்றின் கூட்டமைப்புகள், மாகாண, மத்திய அரசுத் துறைகள், நலவாழ்வு அமைப்புகள் ஆகியவை இத்தகைய பயிற்சி பெற்றவர்களை எடுத்துக்கொள்கின்றன. பூர்வகுடி மாணவர்களுக்கு முன்னுரிமை உள்ள பணியிடங்களும் இருக்கும், அது நியாயமே.

கேள்வி: நான் கூடலூர்ப் பகுதியைச் சேர்ந்த காட்டுநாயக்கர் சமூகத்து மாணவி, சமூகப்பணியில் பட்டம் படித்து முடிக்கப்போகிறேன். எங்கள் பாடிக்கு, அதாவது குடியிருப்புக்கு, ஆண்டுதோறும் யாராவது வந்து கேள்வித்தாளோடு உட்காருகிறார்கள். எழுதிக்கொண்டு போனது என்ன ஆனது என்று நாங்கள் பார்த்ததே இல்லை. இந்தமுறை நானே படித்து எழுதலாம் என்று நினைக்கிறேன். கனடாவில் உள்ளது போன்ற படிப்பு எனக்குப் பயன்படுமா? செலவுக்கு வழி உண்டா?

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கேள்வித்தாளுக்கு மறுபக்கத்தில் அமர்ந்திருந்தவர் ஆய்வைக் கையில் எடுப்பதைவிட இந்தத் துறைக்கு நல்லது வேறொன்றும் எனக்குத் தோன்றவில்லை.

மத்திய பழங்குடியினர் நல அமைச்சகத்தின் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகை ஆண்டுக்கு இருபது பேருக்குக் கிடைக்கிறது. அவற்றில் மூன்று இடங்கள், உங்கள் சமூகமும் உள்ளடங்கிய, குறிப்பாக நலிவுற்ற பழங்குடிப் பிரிவினருக்கானவை. எந்தப் பல்கலைக்கழகங்கள், எந்தப் பாடங்கள் ஏற்கப்படும், குடும்ப வருமானமும் வயதும் எவ்வளவு இருக்கலாம் என்ற நிபந்தனைகளை அந்த ஆண்டின் அறிவிப்பிலேயே பாருங்கள். பார்த்தபிறகே பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுங்கள். சாதிச் சான்றிதழையும் வருமானச் சான்றிதழையும் இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பக் கடைசி நாளில் வட்டாட்சியர் அலுவலகத்தில் காத்திருப்பது பெரும் வேதனை.

வெளிநாடு போனால்தான் படிப்பு என்றும் இல்லை. மும்பையில் உள்ள டாட்டா சமூக அறிவியல் கழகத்தில் தலித், பழங்குடியினர் பற்றிய முதுகலைப் படிப்பு நடந்து வந்திருக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் அமர்கண்டக்கில் இந்திரா காந்தி தேசியப் பழங்குடியினர் பல்கலைக்கழகம் இருக்கிறது. இரண்டுக்கும் எழுதிக் கேளுங்கள்.

பயன்படுமா என்று கேட்டீர்கள். 2007-இல் ஐக்கிய நாடுகள் அவை பூர்வகுடிகளின் உரிமைப் பிரகடனத்தை நிறைவேற்றியபோது இந்தியா ஆதரித்து வாக்களித்தது. எதிர்த்து வாக்களித்த நான்கு நாடுகளில் கனடாவும் ஒன்று. முன்கூட்டியே, தகவல் அறிந்து, வற்புறுத்தலின்றித் தரும் சம்மதம் என்று அந்தப் பிரகடனம் கூறும் கருத்துக்கு இங்கே நெருக்கமாக நிற்பது 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமும் அது கிராம சபைக்குத் தரும் அதிகாரமும். 2013-இல் உச்ச நீதிமன்றத்தின் ஆணைப்படி ஒடிசாவின் நியாம்கிரி மலையில் பன்னிரண்டு கிராம சபைகள் கூடி, பன்னிரண்டும் சுரங்கம் வேண்டாம் என்று சொல்லின. கனடாவிலும் அதே கேள்விதான் வேறு சட்டங்களின் வழியாகப் பேசப்படுகிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பவர் நீலகிரிக்குத் திரும்பும்போது, ஒரு கிராம சபைத் தீர்மானத்தை எவராலும் தள்ளிவிட முடியாதபடி எழுதத் தெரிந்தவராக இருப்பார். உங்களிடம் நான் எதிர்பார்ப்பது அதுதான்.

கேள்வி: நான் தமிழ்நாட்டிலிருந்து வந்து இத்தகைய முதுகலைப் படிப்பின் முதலாண்டில் இருக்கிறேன். களப்பணிக்குத் தேர்ந்தெடுத்த பூர்வகுடிச் சமூகத்துக்கு மூன்று மின்னஞ்சல்கள் அனுப்பினேன். ஐந்து வாரமாகப் பதில் இல்லை. என் காலக்கெடு நெருங்குகிறது. நேரில் போய்விடலாமா?
— ஒரு மாணவர், மனிடோபா

பதில்: அழைப்பில்லாமல் போகாதீர்கள். நீங்கள் அவர்களைத் தேர்ந்தெடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள்; அவர்கள் உங்களைத் தேர்ந்தெடுத்தார்களா என்று எழுதவில்லை. சிறிய சமூகங்களின் நிர்வாக அலுவலகத்தில் வீட்டுவசதி, குழந்தைகள் நலம், வெள்ளம், இறப்பு எல்லாவற்றையும் பார்ப்பவர்கள் ஒரு சிலரே. ஒரு துக்கம் நேர்ந்தால் அலுவலகமே மூடியிருக்கலாம். உங்கள் துறையில் அந்தச் சமூகத்தோடு முன்பே உறவுள்ள ஆசிரியரிடம் சொல்லி, அவர் தொலைபேசியில் உங்களை அறிமுகப்படுத்தும்படி கேளுங்கள்.

பெரியவர்களைச் சந்தித்து அறிவு கேட்கும்போது புகையிலை கொடுத்துக் கேட்பது அனிஷினாபே, க்ரீ மக்களிடையே உள்ள முறை. அதை எப்படி, எப்போது கொடுப்பது என்பதை உள்ளூரிலேயே ஒருவரிடம் முன்னதாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சமூகத்துக்குச் சமூகம் வழக்கம் மாறும்.

தரவைப் பற்றி எழுத்தில் உடன்பாடு செய்யுங்கள். உடைமை, கட்டுப்பாடு, அணுகல், கைவசம் என்னும் நான்கு கோட்பாடுகளைக் கனடாவின் பூர்வகுடியினர் 1998-இல் வகுத்தார்கள். தங்களைப் பற்றிய தகவல் தங்களுடையது, அதை யார் பார்க்கலாம் என்பதையும் எங்கே வைக்கலாம் என்பதையும் தாங்களே முடிவு செய்வோம் என்பது அவற்றின் பொருள். பல்கலைக்கழக நெறிக்குழுவின் அனுமதி ஒருபுறம். சமூகத்தின் அனுமதி அதற்கு முன்னால் வர வேண்டியது. ஒலிப்பதிவுகள் படிப்பு முடிந்தபின் யாரிடம் இருக்கும், வரைவை அவர்கள் எப்போது படிப்பார்கள், படித்துவிட்டு ஒரு பகுதியை நீக்கச் சொன்னால் என்ன செய்வீர்கள் என்பனவற்றை முதல் சந்திப்பிலேயே பேசி எழுதிக்கொள்ளுங்கள். மேலே உள்ள கூடலூர் மாணவியின் கடிதத்தையும் ஒருமுறை படியுங்கள்.

காலக்கெடுவைப் பற்றி இந்த வாரமே வழிகாட்டியிடம் பேசுங்கள். தலைப்பை மாற்றவோ, ஒரு பருவம் தள்ளிவைக்கவோ நேர்ந்தாலும், சம்மதம் வராத ஊருக்குப் போய் எழுதுவதைவிட அது மேல். அவர்கள் வேண்டாம் என்று சொல்லவும் கூடும். அப்படிச் சொன்னால் நன்றி சொல்லி ஒரு கடிதம் எழுதிவிட்டு, ஆசிரியரிடம் வேறு இடம் கேளுங்கள்.